நித்தியகல்யாணிக்கு வாளி வேண்டாம்

அப்பு,

உன் கடிதாசி நேற்று மதியம் வந்தது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அப்பா குவார்ட்டர்ஸ் வாசலில் நித்தியகல்யாணி நட்டிருக்கிறார், காலையும் சாயங்காலமும் வாளியில் மொண்டு ஊற்றுகிறார், அவருக்கும் பொழுது போகிறது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'வீட்டைப் பூட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டு நீங்களும் திருச்சிக்கே வந்துவிடுங்கள் அம்மா, செடிதானே, இங்கேயும் வளர்த்துக்கொள்ளலாம்' என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரியையும் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சோலியும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்து கிடந்ததைத் தீய்ந்த வாடை வந்தபிறகுதான் பார்த்தேன். எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று பார்த்தால், ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

முதலில் அந்த வாளியைப் பிடுங்கி வை. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இங்கே இருந்து கிளம்பும்போதே உன்னிடம் சொல்லித்தான் அனுப்பினேன். நீயும் தலையை ஆட்டினாய். உங்கப்பா தலையாட்டுவதும் நீ தலையாட்டுவதும் ஒரே மாதிரி இருக்கும். ஆட்டி முடித்ததும் இரண்டு பேருமே மறந்துவிடுவீர்கள். அவர் நெஞ்சுக்கும் வாளி ஆகாது, அந்தச் செடிக்கும் ஆகாது. இது வரை உனக்கு மூன்று தடவை விதை கொடுத்திருக்கிறேன். முதல் தடவை மாட்டெருவை அள்ளிக் கொட்டிச் செடியைக் கீரைத்தண்டு மாதிரி வளர்த்தாய், பூவே வரவில்லை. அடுத்த தடவை நிழலில் வைத்தாய். போன தடவை உன் பெண்டாட்டி குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் அதன் தலையில் போனது. அவளைக் குறை சொல்லவில்லை, அவள் காவிரிக் கரையில் பிறந்தவள், தண்ணீர் ஊற்றினால் எதுவும் வளரும் என்று நினைக்கிற பூமி அது. நீ இந்த வறண்ட போடியில் பிறந்தவன். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இன்னொரு தடவை எழுதுகிறேன், இதைக் கிழித்துச் சுவரில் ஒட்டினாலும் சரி. உடைந்த செங்கல்லைக் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தட்டிச் சட்டியின் அடியில் போடு. மண்ணுக்குப் பாதி ஆற்று மணல் கல. எரு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். விதை கடுகைவிடச் சின்னது. மேலாகத் தூவிவிட்டு வெயிலில் வைத்தால் முளைக்காது, அதற்கு இருட்டு வேண்டும். மெல்லிசாக மணலால் மூடி, நனைத்த சாக்கை மேலே போடு. முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட்டு நல்ல வெயிலுக்குக் கொண்டுபோ. நாலு விரல் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளு, கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும். பூத்து ஓய்ந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டு. மத்தியானம் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்துப் பதறாதே. அது தாகமில்லை, வெயிலைச் சமாளித்துக்கொண்டு நிற்கிறது. மறுநாள் காலையில் பார். காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர். அப்போதும் ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். தண்ணீர் மிஞ்சி வேர் அழுகுகிற செடியும், தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் தொங்கும். பார்க்கிறவன் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவான். அத்தோடு முடிந்தது. குழந்தை இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள், ஆடே முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற செடி அது.

'செடிதானே' என்கிறாயே, இந்தச் செடி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? நான் வைக்கவில்லை. அதுவாக வந்தது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது வாசலில் புல்கூடக் கிடையாது. ஊருக்கு வெளிப்புறம், கடப்பாரை போட்டால் கிணுங்கென்று திருப்பியடிக்கிற சரளை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. எங்கள் அம்மா வீட்டிலிருந்து மல்லிக்கொடி கொண்டுவந்து வைத்தேன், கருகியது. கனகாம்பரம் வைத்தேன், ஒரு சித்திரையைத் தாண்டவில்லை. உங்கப்பா மலையிலிருந்து ரோஜாப் பதியன் கொண்டுவந்தார், குரங்கணியிலிருந்து ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் பாவம், அது நாலு இலை விட்டுவிட்டுப் பட்டுப்போனது. அவர் ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி. திங்கட்கிழமை ஏறினால் அடுத்த வாரக் கடைசியில்தான் இறங்குவார். காய் எடுக்கிற காலத்தில் அதுவும் கிடையாது. நானும் கைக்குழந்தையாக உன் அக்காவும் இந்தச் சரளை வாசலும்தான். அப்போதுதான் எழுபதுகளில் மழை ஏமாற்றிய அந்த வருஷம் வந்தது. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். அந்தக் கோடையில், சுவருக்கும் வாசல்படிக்கும் நடுவில் இருந்த வெடிப்பில் ஒரு செடி நின்றது. யாரும் ஊற்றவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் ஊதாவும் ரோஸும் கலந்த நிறத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ. ஊரே காய்ந்து கிடக்கிறது, இது மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அதுவும் ஊருக்குப் பொறுக்கவில்லை. உன் அத்தை, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நம் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்லக்கூடியவர், வாசலுக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார். "ஏத்தா, சுடுகாட்டு மல்லியையா வாசல்ல வச்சிருக்க? சுமங்கலி இருக்குற வீடு இது. பிடுங்கித் தூர எறி." நான், "வைக்கல மதினி, அதுவா வந்துச்சு" என்றேன். "அதுவா வந்தா இன்னும் மோசம்" என்றார். அந்தப் பூவைச் சுடுகாட்டில் பார்த்திருக்கிறார்கள், கல்லறையில் பார்த்திருக்கிறார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் அதுதானே நிற்கும், வேறு எது நிற்கும்? இதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. நித்தியமும் கல்யாணமும் பேரிலேயே இருக்கிற பூவை அவர்கள் பிணத்தோடு சேர்த்துவிட்டார்கள். அத்தை வரும்போதெல்லாம் ஒன்றைப் பிடுங்கிவிட்டுப் போவார், நான் இன்னொரு இடத்தில் நடுவேன். நாலைந்து வருஷத்தில் வாசல் முழுக்க ஆகிவிட்டது. வெள்ளை, வெள்ளையில் நடுவே சிவப்புப் பொட்டு, ஊதா என்று வரிசை வரிசையாக.

உன் அக்காவைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். நல்ல இடம், தோட்டமும் வயலும் உள்ள குடும்பம். உங்கப்பா அதற்காகவே லீவு போட்டு இறங்கியிருந்தார். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா செடிகளை ஒரு பார்வை பார்த்தார், எங்களை ஒரு பார்வை பார்த்தார். "என்னங்க, வாசல்ல இதைப் போயி..." என்று இழுத்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், பஜ்ஜியைத் தின்றார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே கூடலூரில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்களாம், அது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க நம் தெருவில் பேச்சு, வாசல் பூவால் சம்பந்தம் தட்டிப்போயிற்று என்றுதான். அத்தை வந்து, தான் அன்றைக்கே சொன்னதாக ஆரம்பித்தார். அவ்வளவுதான், உங்கப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினார். நான் படியில் நின்று, "ஏங்க, வேணாம், அதுக என்ன பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், காதில் வாங்கவில்லை. உன் அக்காதான் உள்ளே இருந்து வந்து, "அப்பா, பூவைப் பாத்துப் பயந்து ஓடுற வீட்டுக்கு என்னைய அனுப்பியிருந்தா நான் அங்கன எப்படிப் பொழைச்சிருப்பேன்?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையில் இருந்ததைக் கீழே போட்டார். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

முடிந்தது என்று அவர் நினைத்தார். காய் முற்றி நின்ற செடிகளைப் பிடுங்கி உதறி வாசலெல்லாம் இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? விதை முழுக்கச் சிந்திவிட்டது. அவரே தன் கையால் விதைத்துவிட்டு மலைக்கு ஏறிப் போய்விட்டார். அடுத்த மழைக்குத் தெருவரைக்கும் முளைத்தது. எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியகுளத்திலிருந்து இப்போதைய மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லாமல் பூத்திருந்தது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. காபியைக் குடித்தார்கள், தேதி குறித்தார்கள், போனார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். பெரிய பள்ளிவாசல் பக்கம் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த பாய் ஒருநாள் நம் தெரு வழியாகப் போனவர் நின்றார். "தங்கச்சி, இதோட வேரும் இலையும் மருந்துக்கு எடுக்குறாக. தூத்துக்குடியில கப்பலே ஏறுது. காடு கரை இருந்தா போட்டுப் பாருங்களேன், நான் எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு உடனே ராசிங்காபுரத்துக் காடு ஞாபகம் வந்தது. பாகப்பிரிவினையில் உங்கப்பா பங்குக்கு வந்த மேட்டுக்காடு. கம்பு போட்டால் பாதி வரும், எள்ளு போட்டால் அதுவும் வராது. யாரும் வாரத்துக்குக்கூடக் கேட்காத நிலம். உங்கப்பாவிடம் சொன்னேன். "சுடுகாட்டுப் பூவ விதைக்கிறதா? மதி, மதி, நிப்பாட்டு" என்றார். மலையில் பழகின மலையாளம் அது, போதும் என்பதற்கு மதி என்பார். நான் நிறுத்தவில்லை. அவர் மலையில் இருந்த ஆவணியில் ஆள் வைத்து உழுது, விதையை மணலோடு கலந்து நானே தூவினேன். சிரிக்காத ஆள் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஆத்தா, அறுவடைக்குக் கொட்டுமேளம் வைப்பியா, பறைமேளம் வைப்பியா?" என்று கேட்டார். மிச்ச விதையையும் தூவிவிட்டு வந்தேன். அந்த வருஷம் மலையடிவாரக் காடுகளில் யானை இறங்கி மற்றவர் வெள்ளாமையை மிதித்தது, ஆடு மாடு மேய்ந்தது, வெயில் காய்ச்சியது. என் காடு மட்டும் ஊதாவாக நின்றது. இரண்டு தடவை இலை உருவினோம், வருஷம் திரும்பியதும் வேரைத் தோண்டினோம். பாய் மாட்டுவண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். கேலி பேசியவர் வேலி ஓரம் நின்று விதை கிடைக்குமா என்று கேட்டார். உன் கடைசி வருஷப் படிப்பு அதில்தான் ஓடியது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன், சொல்லிக்காட்டுவதற்கு இல்லை.

உங்கப்பாவுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த விதைப்புக்கு, "ஒத்தையா நீ எத்தனை நாள் அலைவ, நானும் பாக்குறேன்" என்று லீவு போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. தொண்ணூறுகளில் வந்த அந்த மழையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அப்போது காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடி அவரிடம் சொன்னேன்: "கீழ்க்கோடி வரப்பை வெட்டி விட்டுருங்க. தண்ணி நிக்கக்கூடாது." தலையை ஆட்டிவிட்டுப் போனார். போனவர் என்ன செய்தார் தெரியுமா? வரப்பை வெட்டவில்லை. இரண்டு ஆளை வைத்து, மண்ணை வெட்டிப் போட்டு வரப்பை உயர்த்திவிட்டு வந்தார். சும்மா வந்த தண்ணீர் ஓடைக்கு ஓடுகிறதே என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லையாம். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், காலடியில் மக்கின சருகு வேண்டும். அந்தச் செடியோடு அவர் நடத்திய குடித்தனம் என்னோடு நடத்தியதைவிட அதிகம். எந்தச் செடியைப் பார்த்தாலும் அவருக்கு அது ஏலச்செடிதான். சாயங்காலம் வந்து, "நல்லாத் தேக்கி வச்சிருக்கேன், இனி மாசி வரைக்கும் கவலை இல்ல" என்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். எனக்குக் காய்ச்சலில் அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

எழுந்து நடமாட முடிந்ததும் காட்டுக்குப் போனேன். தூரத்தில் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. காடு குளமாகக் கிடந்தது. நடுவில் செடிகள் தலையைத் தொங்கவிட்டு நின்றன. அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். செடி வாடுகிறதே என்று, அந்தக் குளத்துக்குள் முழங்கால் அளவு நின்றுகொண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இருந்து இன்னும் ஒரு மடை திறக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னதான் நெனைச்சிக்கிட்டு இருக்கீங்க? சாகுறதுக்குத் தண்ணி குடுக்குறீங்களா?" என்றேன். மண்வெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே வரப்பை வெட்டினேன். தண்ணீர் போயிற்று. செடி போனது போனதுதான். ஒன்றைப் பிடித்து இழுத்தால் வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது, தண்டு மட்டும் கையோடு வந்தது. மேட்டு மூலையில் பாறையை ஒட்டிய சில வரிசைகள்தான் தப்பின. பிறகு பாயும் சரக்கு கேட்டு வருவதை விட்டுவிட்டார், அவருக்கும் வேறு இடத்தில் கிடைத்துவிட்டது. அந்தக் காட்டில் மறுபடி விதைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ பொங்கல் லீவுக்கு வந்தாய். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா நல்லதுன்னு நெனைச்சுத்தானம்மா செஞ்சாரு, பாவம்மா" என்றாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. நல்லதை நினைத்துத்தான் செய்தார், அது எனக்குத் தெரியாதா? கெட்டதை நினைத்துச் செய்திருந்தால் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன். நல்லதை நினைத்துக்கொண்டு, சொன்னதைக் கேட்காமல், தனக்குத் தெரிந்ததையே செய்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? யாரிடம் போய்ச் சொல்வது? ஊரெல்லாம் அவருக்குத்தான் பாவம் பார்க்கும். நீயும் பார்த்தாய்.

போன வருஷம் எஸ்டேட் வேலையை விட்டு இறங்கி வந்தார். நெஞ்சில் சளியும் இளைப்புமாக. வந்த மறுநாளே வாளியை எடுத்துவிட்டார். வாசல் செடிகளில் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக அழுகத் தொடங்கியது. நான் வாளியை ஒளித்து வைத்தால் குடத்தை எடுப்பார், குடத்தை வைத்தால் செம்பை எடுப்பார். நீ வந்து கூட்டிக்கொண்டு போவதற்கு முந்தின வாரம், உச்சி வெயிலில், மூச்சு வாங்க வாங்கக் கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து வாளியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"ஊத்தாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? அதுக்குத் தண்ணி வேணாம்!"

"எதுக்குத்தான் வேணும் உனக்கு?" என்றார். "அதுக்கும் தண்ணி வேணாம், உனக்கும் ஒண்ணும் வேணாம். முப்பது வருசமா மலையில இருந்து எறங்கி வர்றப்பல்லாம் கேட்டிருக்கேன், என்ன வேணும் புள்ள, என்ன கொண்டாரட்டும்னு. ஒண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதையே சொன்ன. இப்ப சோலியும் போச்சு. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே கெடன்னா எப்படிக் கெடக்குறது?"

சொல்லிவிட்டு ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்து இருமினார். எனக்கு இரக்கம் வரவில்லை அப்பு, உள்ளதைச் சொல்கிறேன். கோபம்தான் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னது, கேட்டால் தரமுடியாமல் அவர் சங்கடப்படுவாரே என்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நானே தூக்கிக்கொண்டு ஓடினேன், ஓடு உடைந்தால் நானே ஏறி மாற்றினேன். குரங்கணிப் பாதையில் கொட்டுகிற மழையில் அவர் எனக்காக இறங்கி வர வேண்டாம் என்றுதானே எல்லாம்? அதைப் போய்த் தன் மேல் வந்த குறை மாதிரி வைத்துக்கொண்டு இத்தனை காலம் உள்ளே வைத்திருந்திருக்கிறார். வாயைத் திறந்து அன்றைக்கே சொல்லியிருக்கலாமே! நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, நடுவில் செடி அழுகியதுதான் மிச்சம். அன்றைக்கு நான் உள்ளே போனேன். உலர்ந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் நீ கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அவர் போன பிறகு இங்கே வாளியைத் தொட ஆளில்லை. தப்பின செடிகள் தேறிவிட்டன. இந்த மாதம் பூத்த மாதிரி நாலைந்து வருஷத்தில் பூக்கவில்லை. நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் காலையில் எழுந்து வாசலில் நின்றால், சண்டை போட ஆளில்லாமல் வாய் புளித்துப்போகிறது. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போகலாம் என்று சொன்னதும் அவரைக் கொண்டுவந்து இங்கே விடு. நான் திருச்சிக்கு வரவில்லை. பிறகு எப்போதாவது பேத்தியைப் பார்க்க இரண்டு பேருமாக வருகிறோம். இங்கே காய் பிடித்திருக்கிறது. இந்தச் செடியின் காயைப் பச்சையாகப் பறித்தால் விதை உதவாது, காயவிட்டால் தானே வெடித்துச் சிதறிவிடும், எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். மஞ்சளாகத் திரும்புகிற நேரத்தில் பறிக்க வேண்டும். ஒன்று இன்றைக்குத் திரும்பும், பக்கத்தில் இருப்பது மூன்று நாள் கழித்துத் திரும்பும். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தினமும் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கனம் தூக்குகிற சோலி இல்லை. எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன வாரம் மட்டும் கைப்பிடி கைப்பிடியாகப் பிஞ்சைப் பறித்து வீணாக்கினேன். இது வரை உனக்கு இதை எழுதவில்லை, ஆபரேஷனுக்குத் திருச்சிக்கு வா என்பாய் என்று.

இதை அவரிடம் நீ படித்துக் காட்ட வேண்டாம், மண்டையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். உட்கார வைத்து வாயால் சொல். வெரசாக வரச் சொல். அங்கே ஆள் வேண்டும் என்று சொல். யார் கேட்டது என்று கேட்பார்.

நான் கேட்டேன் என்று சொல்.

அம்மா